முதல் சர்ஃப் போர்டு வாங்கப் போறீங்களா? சின்னது ஏன் வேண்டாம், கடையில் என்ன கேட்கணும்? முழு விவரம்

வார இறுதி வந்தால் ஈசிஆரில் வண்டியை விட்டு, காலை 6 மணிக்கே கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கடலில் இறங்குபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். இரண்டு மூன்று வகுப்பு முடிந்து, ஒரே ஒரு முறை அலை மேல் எழுந்து நின்றுவிட்டால் போதும். அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: "சொந்தமா ஒரு போர்டு வாங்கிடலாமா?"

தாராளமாக வாங்கலாம். ஆனால் முதல் போர்டில்தான் பலர் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். ரீல்ஸில் வீரர்கள் கையில் இருக்கும் சின்ன, கூர்மையான போர்டைப் பார்த்து அதையே கேட்டு வாங்குவார்கள். அதில் ஏறி நிற்கவே முடியாது. நாலு வாரத்தில் போர்டு பரணுக்குப் போகும், ஆசையும் கூடவே போகும்.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்? எந்த அளவு, எந்த வகை, கடையில் என்ன பேச வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

- முதல் போர்டு நீளமா, அகலமா, மெத்தென்று இருக்கணும். பெரியவர்களுக்கு 8 அடி ஃபோம் போர்டு பொதுவாகச் சரியாக இருக்கும்.
- உங்கள் எடை எத்தனை கிலோவோ, போர்டின் வால்யூம் குறைந்தது அத்தனை லிட்டர்.
- வாங்கும் முன் அதே அளவு போர்டை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.
- உங்களைக் கேள்வி கேட்காமல் போர்டை விற்கும் கடையில் அவசரப்பட வேண்டாம்.

தமிழ்நாட்டில் சர்ஃபிங் எங்கே நடக்குது?

சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது கோவளம். கேரளக் கோவளம் இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் மீனவ கிராமம். அந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் தானாகவே அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு, பிறகு ஊர் இளைஞர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கோவளமும் மாமல்லபுரமும் இன்று நாட்டின் முக்கியமான சர்ஃபிங் இடங்கள்.

2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பும் அங்கேயே நடந்தது. அதில் ரமேஷ் புடிஹால் வென்ற வெண்கலம்தான், அந்தப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

இங்கே சர்ஃப் கடை என்றால் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஷோரூமை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஒரு சர்ஃபிங் பள்ளியும் அதோடு ஒட்டிய சின்னக் கடையும்தான். வகுப்பு எடுப்பவர், போர்டு விற்பவர், உடைந்த போர்டை ஒட்டுபவர் எல்லாம் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம். வாங்குபவருக்கு இது நல்லதே. நீங்கள் அலையில் எப்படித் தடுமாறுகிறீர்கள் என்பதை நேரில் பார்த்தவர்தான் உங்களுக்குப் போர்டு எடுத்துக் கொடுக்கிறார்.

முதலில் ஒரு கணக்கு: வாங்குவதா, வாடகையா?

ஒரு உதாரணம். போர்டு விலை 30,000 ரூபாய், வாடகை ஒரு முறைக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 முறை கடலில் இறங்கினால்தான் போட்ட காசுக்குச் சமம். மாதம் 4 முறை போகிறவருக்கு அதற்கு ஒரு வருடம் ஆகிவிடும். மாதம் ஒரு தடவை போகிறவருக்கு 4 வருடம்! உங்கள் ஊர்க் கடையின் உண்மையான விலையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

குறைந்தது 5 முதல் 10 முறையாவது பள்ளி போர்டில் பழகிய பிறகு வாங்குவது நல்லது. அதற்குள் மூன்று விஷயம் தெரிந்துவிடும். இந்த விளையாட்டு உங்களுக்கு ஒத்துவருமா, எந்த அளவு போர்டு வசதியாக இருக்கிறது, எந்தக் கால் முன்னால் வருகிறது. ஒரு மாதம் பொறுத்தால் போர்டு எங்கேயும் ஓடிவிடாது.

சின்ன போர்டு ஏன் வேண்டாம்?

இங்கதான் சிக்கலே. "சின்னதா இருந்தா தூக்கிட்டுப் போக ஈஸி, திருப்பவும் ஈஸி" என்று தோன்றும். ஆனால் புதியவருக்கு அலை மேல் திருப்புவது பிரச்சினையே இல்லை. அலையைப் பிடிப்பதுதான் பிரச்சினை.

சர்ஃபிங்கில் நிற்கும் நேரம் சில நொடிகள்தான். மீதி நேரமெல்லாம் போர்டில் குப்புறப் படுத்து, கைகளால் துழாவிக்கொண்டே போவது. அலை வந்து சேரும்போது போர்டுக்கு ஏற்கெனவே கொஞ்சம் வேகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலை அடியில் நழுவிப் போய்விடும்.

பெரிய போர்டு மூன்று வகையில் உதவும்.

- நீளம்: தண்ணீரில் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். அலை உடைவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடலாம். எழுந்து நிற்க நேரம் கிடைக்கும்.
- அகலம்: இடது வலது ஆட்டம் குறையும். 22 அங்குலத்துக்கு மேல் இருந்தால் புதியவருக்கு நல்லது.
- தடிமன்: மிதக்கும் சக்தி கூடும். சுமார் 3 அங்குலம் இருந்தால் உடம்பு தண்ணீருக்கு மேலே நிற்கும், தோள் சீக்கிரம் களைக்காது.

இந்த மூன்றும் சேர்ந்ததுதான் 'வால்யூம்'. அதை லிட்டரில் சொல்வார்கள்.

அது என்ன லிட்டர் கணக்கு?

பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான். 80 லிட்டர் போர்டை முழுவதும் தண்ணீருக்குள் அமுக்கினால், அது 80 லிட்டர் கடல்நீரை ஒதுக்கித் தள்ளும். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஒரு கிலோவை விடச் சற்று அதிகம். ஆக, கடல் அந்த போர்டை சுமார் 82 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும். அதில் போர்டின் சொந்த எடையைக் கழித்தால், மீதிதான் உங்களைத் தாங்கும் சக்தி.

போட்டி வீரர்களின் சின்ன போர்டுகள் 30 லிட்டரை ஒட்டியே இருக்கும். 70 கிலோ ஆள் அதில் படுத்தால் நெஞ்சு வரை தண்ணீரில்தான் இருப்பார். வீரர்களுக்கு அது போதும். ஏனென்றால் சரியான இடத்தில், சரியான நொடியில் அலையைப் பிடிக்க அவர்களுக்குத் தெரியும். பிடித்த பிறகு வேகம்தான் தாங்கும்.

புதியவருக்கு எளிய விதி: எத்தனை கிலோவோ, குறைந்தது அத்தனை லிட்டர். கொஞ்சம் கூட இருந்தாலும் தப்பில்லை. நீளத்தில் தோராயமாக இப்படிச் சொல்லலாம்:

- 55 கிலோவுக்குள்: 7 முதல் 8 அடி
- 55 முதல் 80 கிலோ: 8 அடி
- 80 கிலோவுக்கு மேல்: 8½ முதல் 9 அடி

போர்டின் அடியிலோ, நடுக்கோட்டின் பக்கத்திலோ எண்கள் எழுதியிருக்கும். 8 அடி × 22½ × 3¼ என்று இருந்தால் நீளம், அகலம், தடிமன். பின்னால் இருப்பது லிட்டர். லிட்டர் எழுதாத போர்டு என்றால் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

ஃபோம், எபாக்ஸி, ஃபைபர் கிளாஸ்: எது நல்லது?

ஃபோம் போர்டு: 'சாஃப்ட் டாப்' என்றும் சொல்வார்கள். உள்ளே தெர்மகோல் போன்ற நுரை, மேலே மெத்தென்ற ஃபோம், அடியில் வழுவழு பிளாஸ்டிக். சர்ஃபிங் பள்ளிகளில் நீங்கள் பழகுவது பெரும்பாலும் இதுதான். சர்ஃபிங்கில் படும் அடிகளில் பெரும்பகுதி சொந்த போர்டு மோதி வருபவை. ஃபோம் என்றால் அடி பட்டாலும் காயத்தின் அளவு குறையும். பக்கத்தில் நீந்துபவர்களுக்கும் ஆபத்து குறைவு. முதல் போர்டுக்கு இதுதான் சரியான தேர்வு.

எபாக்ஸி போர்டு: வெளியே கெட்டியான பிசின் ஓடு. எடை குறைவு, நன்றாக மிதக்கும். ஆனால் விரிசல் விட்டால் உள்ளே தண்ணீர் ஏறும். ஒரு சீசன் பழகிய பிறகு யோசிக்கலாம்.

பாலியூரிதேன் நுரையில் ஃபைபர் கிளாஸ் போர்த்திய போர்டு: பழைய முறை, தேர்ந்தவர்களுக்குப் பிடித்தது. சின்ன இடியிலும் குழி விழும். புதியவர் கையில் அடிக்கடி பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும்.

"ஃபோம் போர்டு வச்சிருந்தா கேலி பண்ணுவாங்களா?" என்று சிலர் தயங்குவார்கள். சின்ன அலை நாளில் தேர்ந்த சர்ஃபர்களே ஜாலிக்கு ஃபோம் போர்டோடு இறங்குவது உண்டு. கூச்சப்பட ஒன்றும் இல்லை.

நல்ல கடைக்காரர் உங்களிடம் கேட்கும் 5 கேள்விகள்

விலையைச் சொல்வதற்கு முன் இவற்றைக் கேட்டால், நீங்கள் சரியான கடைக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

1. "எத்தனை கிலோ இருப்பீங்க?" இது தெரியாமல் லிட்டர் சொல்ல முடியாது.

2. "நீச்சல் தெரியுமா?" தெரியாது என்றால், போர்டை விற்காமல் நீச்சல் வகுப்புக்கு அனுப்புபவர்தான் உங்கள் நலம் விரும்பி.

3. "இதுவரைக்கும் எத்தனை தடவை இறங்கியிருக்கீங்க?" ஒரே வகுப்போடு வந்தவருக்கும் 20 முறை போனவருக்கும் ஒரே போர்டு பொருந்தாது.

4. "எந்த பீச்ல ஓட்டப் போறீங்க?" மணல் அடியா, பாறை இருக்கும் இடமா, எப்படிப்பட்ட அலை என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

5. "எங்க வைப்பீங்க, எப்படிக் கொண்டு போவீங்க?" பலர் யோசிக்காமல் விடும் விஷயம் இது.

"அண்ணா, அந்த சின்ன போர்டு கொடுங்க" என்று நீங்கள் கேட்டு, "தம்பி, இப்போதைக்கு அது வேணாம், ஒரு வருஷம் கழிச்சு வா" என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். அவர் ஒரு விற்பனையை விட்டுக்கொடுத்து உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறார்.

நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

- இந்த விலையில் ஃபின், லீஷ், உறை எல்லாம் சேருமா? ஜிஎஸ்டி சேர்த்தா?
- இதே அளவு போர்டை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாமா? வாங்கினால் அந்த வாடகையைக் கழிப்பீர்களா?
- கிழிந்தால், உடைந்தால் நீங்களே சரி செய்வீர்களா? எத்தனை நாள் ஆகும்?
- ஒரு வருடம் கழித்து அடுத்த போர்டுக்கு மாறும்போது இதை எடுத்துக்கொள்வீர்களா?
- மாத வாடகைக்கு இங்கேயே போர்டை வைத்துக்கொள்ள வசதி உண்டா?

பேரம் பேசலாமா? பேசலாம். ஆனால் சின்னக் கடைகளுக்கு ஒரு போர்டில் கிடைக்கும் லாபம் பெரிதாக இருக்காது. விலையை அடித்துக் குறைப்பதை விட, "லீஷ் சேர்த்துக் கொடுங்க", "ரெண்டு வகுப்பு சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டால் இரு தரப்புக்கும் நல்லது. உண்மையில், புது ஆளுக்கு 1,000 ரூபாய் தள்ளுபடியை விட இரண்டு வகுப்புக்கே மதிப்பு அதிகம்.

பழைய போர்டு வாங்கலாமா?

முதல் போர்டுக்குப் பழையது நல்ல யோசனை. பள்ளிகள் புது போர்டு இறக்கும்போது பழையதை விற்பது உண்டு. ஆனால் வெயிலில் நின்று இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்:

- மேல் பரப்பை கட்டை விரலால் அமுக்குங்கள். ஓர் இடம் மட்டும் பொதபொதவென்று உள்ளே போனால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது.
- அடி பிளாஸ்டிக் சுருங்கியோ, உப்பியோ, ஓரம் பிரிந்தோ இருக்கிறதா?
- குறுக்காக மடிப்புக் கோடு தெரிகிறதா? அப்படியென்றால் உள்ளே முதுகெலும்பு போல ஓடும் மரச் சட்டம் முறிந்திருக்கலாம். அந்த போர்டு வேண்டவே வேண்டாம்.
- ஃபின் பொருத்தும் இடத்தைச் சுற்றி விரிசல், ஆணியில் துரு இருக்கிறதா?
- லீஷ் மாட்டும் குழியை இழுத்துப் பாருங்கள். ஆடக் கூடாது.
- அதே அளவு புது போர்டை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் தூக்கிப் பாருங்கள். பழையது கனத்தால் தண்ணீர் குடித்திருக்கிறது.

லீஷ் இல்லாமல் இறங்கவே கூடாது

போர்டையும் காலையும் இணைக்கும் கயிறுதான் லீஷ். நீளம் போர்டின் நீளத்துக்குச் சமமாக இருக்கணும். 8 அடி போர்டுக்கு 8 அடி லீஷ். ரொம்பக் குட்டையாக இருந்தால் விழுந்ததும் போர்டு திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

எந்தக் காலில் கட்டுவது? பின்னங்காலில். எது பின்னங்கால் என்று தெரியவில்லையா? கண்ணை மூடி நில்லுங்கள், நண்பரை முதுகில் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். முதலில் முன்னால் வரும் கால்தான் பெரும்பாலும் முன்னங்கால். மற்றதில் லீஷ்.

லீஷில் சின்ன வெட்டு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அலையில் அது அறுந்தால் மிதக்க உதவும் பொருள் கையை விட்டுப் போகும். போர்டும் கரையில் விளையாடும் குழந்தை பக்கம் பாயலாம்.

ஃபின் வளையும் பிளாஸ்டிக்கில் இருப்பது நல்லது. பல ஃபோம் போர்டுகளுக்கு வேக்ஸ் தேவையில்லை. வழுக்கினால், சூடான கடலுக்கு உரிய 'டிராபிகல்' வேக்ஸ் கேட்டு வாங்குங்கள். குளிர்நாட்டு வேக்ஸ் நம்ம வெயிலுக்கு உருகி வழிந்துவிடும்.

ஆன்லைனில் மலிவா கிடைக்குதே?

கிடைக்கலாம். ஆனால் போர்டு எடை குறைவு, அளவு பெரிது. பார்சல் நிறுவனங்கள் அடைக்கும் இடத்தை வைத்தே கட்டணம் போடுவார்கள். விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள். வழியில் முனை நசுங்கி வந்தால் திருப்பி அனுப்புவதும் லேசான வேலை இல்லை.

சமுக்காளம் போல மெல்லிய, லீஷ் மாட்ட இடமில்லாத மலிவு போர்டுகளும் 'சர்ஃப் போர்டு' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அவை கரையோரம் விளையாடத்தான். கடைக்குப் போனால் தொட்டுப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் அதே ஆளிடம் போய் நிற்கலாம்.

வீட்டுக்கு எப்படிக் கொண்டு போறது?

8 அடி என்றால் 244 சென்டிமீட்டர். வாங்கும் முன் உங்கள் அடுக்குமாடி லிஃப்ட்டை அளந்து பாருங்கள், பலவற்றில் நிற்காது. மாடிப்படித் திருப்பத்தையும் பாருங்கள். மாநகரப் பேருந்தில் ஏற்றுவது நடக்காத காரியம். காரின் கூரையில் துணி விரித்து, அகலப் பட்டையால் கட்டலாம். கயிறு போட்டு இறுக்கினால் ஃபோமில் தழும்பு விழும்.

வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ மொட்டை மாடியிலோ வைக்காதீர்கள். சூட்டில் உள் நுரை உப்பி, ஒட்டு விட்டுவிடும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள். சென்னையில் இருந்துகொண்டு கோவளத்தில்தான் ஓட்டுவீர்கள் என்றால், பள்ளியிலேயே மாத வாடகைக்கு வைப்பது பல பேருக்கு வசதி.

போர்டு வாங்கியாச்சு, உடனே தனியா இறங்கலாமா?

கூடாது. பள்ளி வகுப்பில் எந்த இடத்தில் இறங்குவது, எப்போது ஏறுவது என்பதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டார். சொந்த போர்டு வந்ததும் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

தமிழகக் கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து சீரான அலை வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல், கொந்தளிப்பு என்று கடல் புதியவர்களுக்கு ஏற்றதாக இருக்காது. பொதுவாகக் காலை நேரம் நல்லது. வெயில் ஏறிக் கடற்காற்று வீசத் தொடங்கினால் அலை கலைந்துவிடும்.

இறங்கும் முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். 2024 மே மாதம் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்த நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள்.

கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப் போவீர்கள். போர்டை விடாமல் அதன் மேல் படுத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவி வெளியே வாருங்கள். முடியவில்லை என்றால் கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

மீன்பிடி வலை விரித்திருக்கும் இடம், படகு இறக்கும் வழி இரண்டையும் விட்டு விலகியே ஓட்ட வேண்டும். எது எங்கே என்று உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். எனவே ஒவ்வொரு முறையும் இறங்கும் முன், போர்டு வாங்கிய கடையில் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்: "அண்ணா, இன்னைக்கு கடல் எப்படி இருக்கு?" "வேணாம்" என்று சொன்னால், அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.